நான் எழுதிய பட்டியல்

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குப் பெயர். அந்த அழகான கையெழுத்தில் நான் எழுதிய ஒரு பட்டியலை நினைத்தால் இன்றைக்கும் மனசு குறுகுறுக்கிறது. மொத்தம் 14 பெயர்கள். மேலே தலைப்பு: ‘வேலைத் திறன் குறைந்தவர்கள்’. தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு வேறு போட்டிருந்தேன்!

2013-ம் வருஷம், ஆனி மாசம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆள் நிர்வாகம் பார்க்கும் ஆபீசராக இருந்தேன். நான் கும்பகோணம் பக்கத்துப் பெண். பி.காம். படித்துவிட்டு, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். டைம் ஆபீசில் வருகைப் பதிவு எழுதும் வேலையில் சேர்ந்து, எட்டு வருஷத்தில் கண்ணாடி அறைக்குள் நாற்காலி கிடைத்திருந்தது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு பீஸ் தைத்ததில்லை.

அந்த மாசம் எங்களுக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. 3000 டீ-ஷர்ட் கொண்ட ஒரு லாட் பேக்கிங் முடிந்து அட்டைப்பெட்டியில் நின்றது. இப்படி ஒரு லாட் தயாரானால், வாங்குகிற வெளிநாட்டுக்காரர் (எங்கள் பாஷையில் ‘பையர்’) அனுப்பும் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அத்தனையையும் பிரித்துப் பார்க்க மாட்டார். 3000 பீஸ் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக 125 பீஸ் எடுப்பார். எங்கள் பையர் வைத்திருந்த கணக்குப்படி அதில் ஏழு பெரிய குறை வரை இருந்தால் லாட் பாஸ். எட்டாவது குறை வந்துவிட்டால் மொத்தமும் திரும்பிவிடும். எங்களுக்கு வந்தது 13!

தையல் விட்டது, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, அளவு மாறியது என்று எல்லா வகையும் இருந்தது. அட்டைப்பெட்டியை எல்லாம் பிரித்து, 3000 பீசையும் மறுபடி செக்கிங் பண்ணி முடிப்பதற்குள் தூத்துக்குடியில் கப்பல் கிளம்பிவிட்டது. கடைசியில் கம்பெனி செலவில் விமானத்தில் அனுப்பினார்கள். அந்த ஆர்டரில் வரவேண்டிய லாபம் விமானத்தோடு பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு முகம் சரியில்லை.

“ஏம்மா, இத்தனை பேரு வேலை செய்யறாங்க. யாருக்கு வேலை தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு உங்ககிட்ட ஒரு கணக்கு இருக்குதா?”

இல்லை. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை ஷிப்ட் பார்த்தார்கள், எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்கள் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு இருந்தது. யாருக்கு எது தெரியும் என்பதற்கு மட்டும் இல்லை.

“பத்து நாள் டைம். தெரியாதவங்க பேரை எழுதிக் குடுங்க. சொல்லிக் குடுத்தாத் தேறுவாங்கன்னா சொல்லிக் குடுக்கலாம். தேறாதவங்களை வெச்சுட்டு என்ன பண்றது?”

இந்த மாதிரி வேலைக்கு என்று நான் படித்த புத்தகங்களில் வழி சொல்லியிருந்தது. ‘தொழிலாளியையே கேளுங்கள்’ என்று. அதன்படி ஒரு தாள் அச்சடித்தேன். ‘உங்களுக்கு எந்த வேலையில் பயிற்சி தேவை? டிக் செய்யவும்.’ தையல் செக்ஷன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாருக்கும் கொடுத்தேன். இருநூற்றுச் சொச்சம் தாள் திரும்பி வந்தது. டிக் அடித்தவர் ஒருவர்கூட இல்லை!

அசடு நான். லாட் ரிஜெக்ட் ஆகிக் கம்பெனியே கொதித்துக் கிடக்கும் நேரத்தில், ‘எனக்கு இது தெரியாது’ என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? வாசிக்கத் தெரியாத ஏழெட்டுப் பேர், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துப் பூர்த்தி செய்திருந்தார்கள். அதுவும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

தாள் பலிக்கவில்லை என்றதும் டேமேஜ் நோட்டை எடுத்தேன். யார் கையிலிருந்து வந்த பீசில் எத்தனை குறை என்று லைன் சூப்பர்வைசர்கள் எழுதி வைத்திருந்தார்கள். மூன்று மாசத்துக் கணக்கைக் கூட்டினேன். அதிகம் வந்தவர்களை வரிசைப்படுத்தினேன். அதுதான் அந்த 14 பெயர். இரண்டு மணி நேர வேலை. கணக்குப் பொய் சொல்லாது என்று அப்போது நினைத்தேன்.

பட்டியலில் முதல் பெயர் செக்கிங் செக்ஷனில் ஒரு அக்கா. 46 வயது. அந்தக் கம்பெனி ஒரு ஷெட்டாக இருந்த காலத்திலிருந்து, 19 வருஷமாக இருப்பவர். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் தவறிப்போய், ஒரே பெண்ணைக் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் புதிதாகச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, தன் டப்பாவிலிருந்து கொள்ளுப் பருப்பை அள்ளி வைத்தவர் அவர்தான். அந்தப் பெயரைத்தான் ஒன்று என்று நம்பர் போட்டு எழுதியிருந்தேன்.

கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று அறைக்குக் கூப்பிட்டேன். நோட்டைக் காட்டினேன். இந்த மாசம் அவர் கை தாண்டிப் போனதில் இத்தனை குறை என்று சொன்னேன். சண்டை போடுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதுவும் பண்ணவில்லை.

“எனக்கே தெரியுதுங்க அம்மணி. முன்னாடி மாதர வர மாட்டேங்குது. நின்னுக்கோன்னு சொன்னீங்கன்னா நின்னுக்கறேனுங்க. என்ற புள்ளைக்கு மட்டும் கடைசி வருஷ பீசு கட்டோணும். அதுக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்துப் போடுங்க.”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனாலும் ஆபீஸ் வழக்கம் விடுமா? ‘விசாரணை செய்யப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். அக்கா நோட்டைக் கையில் எடுத்தார். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, “எங்கீங்க போடோணும்? வெரலை வெச்சுக் காட்டுங்க” என்றார்.

அந்த ஒரு கணம் என் அம்மா ஞாபகம் வந்தது. ஊரில் திண்ணையில் உட்கார்ந்து, கிழிந்த ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு, “இந்த நூலைக் கொஞ்சம் கோத்துக் குடுடி” என்று என்னைக் கூப்பிடுவாளே, அந்த அம்மா. அவளுக்கும் அப்போது 46, 47 வயசு இருக்கும்.

வெள்ளெழுத்து! மேஜை டிராயரில் ஒரு ஊசியும் கறுப்பு நூலும் இருந்தன. (பெண்பிள்ளை மேஜையில் இது இல்லாமல் இருக்குமா?) எடுத்துக் கொடுத்து, “அக்கா, இதைக் கோத்துக் குடுங்க” என்றேன். நாலு தடவை பார்த்தார். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கினார். வரவில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“அது ஆச்சுங்க, மூணு நாலு வருசம். வயசானா வரத்தானுங்களே செய்யும். சொன்னா வேலையை விட்டு நிறுத்திப் போடுவாங்கன்னு சொல்லலீங்க.”

வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளக்கம் குறைந்து விறைத்துப் போகிறது. அதனால் கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரிவதில்லை. ஏறக்குறைய 40 வயதில் ஆரம்பிக்கும். இது வியாதி அல்ல. நரை மாதிரி எல்லாருக்கும் வருவது. ஒரு சாதாரணப் படிக்கும் கண்ணாடி போட்டால் தீர்ந்தது. நம் வீடுகளில் புருஷர்கள் பேப்பர் படிக்க முடியவில்லை என்றால் உடனே போய்க் கண்ணாடி வாங்கிவிடுகிறார்கள். பெண்கள் அரிசியில் கல் பொறுக்குவதையும் ஊசி கோப்பதையும் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டுக் காலத்தை ஓட்டிவிடுகிறோம். ஆனால் செக்கிங் மேஜையில் அப்படித் தள்ளிவிட முடியாதே!

மறுநாள் காலையிலிருந்து அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் இருந்த வரைக்கும் அவர் கை போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று விரல் போகிற வழியிலேயே குறை தட்டுப்பட்டுவிடும். பாதிக் குறையை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை, விரலால் பார்த்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது, டியூப் லைட்டுக்கு அடியில் வெளிர் நிறத் துணி வந்தது. எண்ணெய்ப் பொட்டு, ஊசி ஓட்டை இரண்டும் அவருக்குத் தப்பின. விரலுக்குத் தெரியாத குறைகள் அவை. டேமேஜ் நோட்டைத் திரும்பிப் பார்த்தேன். நான் கூட்டிய மொத்தத்தில் பெரும்பகுதி சாயங்காலத்துக் கணக்கு. தேதியைக் கூட்டத் தெரிந்த எனக்கு, பக்கத்திலேயே எழுதியிருந்த மணியைப் பார்க்கத் தோன்றவில்லை.

கம்பெனிக்கே கண் டாக்டரை வரவழைத்துப் பரிசோதனை வைத்தோம். செக்கிங்கில் 40 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல் கண்ணாடி தேவைப்பட்டது. என் பட்டியலிலேயே அக்காவைத் தவிர இன்னும் மூன்று பேர். செக்கிங் மேஜைக்கு மேலே விளக்கைக் கீழே இறக்கிக் கட்டி, 1000 லக்ஸ் வெளிச்சம் வரும்படி செய்தார் எலெக்ட்ரீஷியன் தம்பி. ஆளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிய செலவு, அந்த விமானக் கூலியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இது ஏதோ என் கம்பெனியின் அதிர்ஷ்டம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் பத்திரிகையில் ஒரு ஆராய்ச்சி வந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இலை பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட 751 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் முதலில் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் எடை, மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. பயிற்சி என்று ஒன்றும் கொடுக்கவில்லை. கண்ணாடி மட்டும்தான்.

அக்கா விஷயத்துக்குப் பிறகு அந்தப் பட்டியலை முதலாளியிடம் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் பத்து நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, மற்ற ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

செக்கிங்கிலேயே மூன்று பேர் அளவு மாறிய பீசைப் பாஸ் பண்ணியிருந்தார்கள். டேப் பிடிக்கத் தெரியவில்லை என்று சூப்பர்வைசர் எழுதியிருந்தார். பனியன் துணி இழுத்தால் நீளும். இழுக்காமல் மேஜையில் தட்டிப் படியவிட்டு அளக்க வேண்டும். அவர்கள் அப்படித்தான் அளந்தார்கள், ஒரு குறையும் இல்லை. விஷயம் என்னவென்றால், பழைய பையருக்கு மார்பு அளவு ஒன்றரை சென்டிமீட்டர் முன்பின் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். புதிய பையருக்கு ஒரு சென்டிமீட்டர்தான். அந்தச் சமாச்சாரம் இங்கிலீஷில் டைப் அடித்து ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது! செக்கிங் மேஜைக்கு யாருமே சொல்லவில்லை.

ஃபிளாட்லாக் டெய்லர் ஒருவர் தைத்த அடி மடிப்பில் வரிசையாக ஊசி ஓட்டை. நல்ல கைக்காரர். மெல்லிய துணிக்குப் பந்து முனை வைத்த 9-ம் நம்பர் அல்லது 11-ம் நம்பர் ஊசி போட வேண்டும். அந்த முனை நூலை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும். ஸ்டோரில் அது தீர்ந்துபோய் 14-ம் நம்பர் ஊசியைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கேட்டும் இருக்கிறார். “இருக்கறதை வெச்சு ஓட்டுங்க” என்று பதில் கிடைத்ததாம்.

இன்னொரு பெண்ணுக்குக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. ஒரு மாசமாக ராத்தூக்கம் கிடையாது. அதற்கு நான் என்ன பயிற்சி கொடுக்க? கொஞ்ச நாள் பகல் ஷிப்ட் மட்டும் போதும் என்று ஏற்பாடு செய்தேன்.

உள்ளபடியே வேலை தெரியாதவர்கள் என்று என் பட்டியலில் நின்றது நான்கு பேர்தான்.

கூட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு ஆள் குறையும். அந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த பெண். 19 வயது. ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்த்தி மூன்று வாரம் ஆகியும் தையல் விட்டு விட்டு வந்தது. ‘கை வரவில்லை’ என்று நோட்டில் இருந்தது. நான் மற்றவர்களிடம் உட்கார்ந்துகொண்டிருந்த அந்த வாரத்திலேயே, சூப்பர்வைசர் அவளிடம், “உன் பேரு லிஸ்ட்ல இருக்குது” என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாக்கிச் சம்பளம்கூடக் கேட்கவில்லை.

அவள் இருந்த மெஷினைப் பார்க்கப் போனபோது மெக்கானிக் அண்ணன் சிரித்தார். “அந்த மெஷினுங்களா? அது யாருக்கும் ஒத்து வராதுங்க. லூப்பர் டைமிங் நிக்காது. அதனாலதான் பழைய ஆளுங்க யாரும் அதுல உக்கார மாட்டாங்க. புதுசா வர்றவங்களுக்குத்தான் அதைக் குடுப்பாங்க.”

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் எனக்கும்தான் தெரியவில்லை. விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்குப் பல நாள் போன் செய்தேன். கிடைக்கவில்லை. சம்பளப் பாக்கியை அவள் ஊர் விலாசத்துக்கு மணியார்டர் அனுப்பினேன். வாங்கிக்கொண்டதாக ரசீது வந்தது. அவ்வளவுதான். தனக்குத் தையல் வராது என்று நினைத்துக்கொண்டே அவள் எங்கேயோ இருப்பாள்.

அதற்கப்புறம்தான் ஒழுங்கான கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். பெரிய சார்ட் தாளில் இடது பக்கம் ஆட்களின் பெயர். மேலே வரிசையாக வேலைகள். தோள் ஜாயிண்ட், கழுத்து ரிப், கை ஏற்றுவது, சைடு, அடி மடிப்பு, பிளாக்கெட், காஜா பட்டன் என்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம். கற்றுக்கொண்டிருந்தால் வட்டத்தில் கால் பங்கு கறுப்பு. பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார் என்றால் அரை. தனியாகச் செய்தால் முக்கால். பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தெரிந்தால் முழு வட்டம். இது பல தொழிற்சாலைகளில் உள்ள பழைய முறைதான். நான் சேர்த்துக்கொண்டது ஒரே நிபந்தனை. நோட்டைப் பார்த்து வட்டம் போடக்கூடாது, அரை மணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் போட வேண்டும். அதற்கு முன் மெஷின், ஊசி, விளக்கு, கண் நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

தாள் நிறைந்ததும் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பார்த்தேன். அடேயப்பா! பிளாக்கெட் என்ற பத்தி முழுக்க வெள்ளையாக இருந்தது. காலர் வைத்த டீ-ஷர்ட்டில் கழுத்துக்குக் கீழே பட்டன் பட்டி வருமே, அதுதான் பிளாக்கெட். இருப்பதிலேயே கஷ்டமான வேலை. 60 மெஷின் ஓடும் இடத்தில் அதை முழுசாகத் தைக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் வயசான டெய்லர்கள். தீபாவளி முடிந்து அவர்கள் ஊரிலிருந்து வரத் தாமதமானால் லைன் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வருஷா வருஷம் நடப்பது. நாங்கள் அதை ‘ஆள் பற்றாக்குறை’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

(அன்றைக்கு ராத்திரி இதே மாதிரி என் வீட்டுக்கும் மனசுக்குள் ஒரு சார்ட் போட்டுப் பார்த்தேன். குக்கர், ரசம், இஸ்திரி, கேஸ் புக் பண்ணுவது, மாமியாருக்கு இன்சுலின் எடுத்து வைப்பது... எல்லாவற்றிலும் ஒரே ஒரு முழு வட்டம். மற்றவர்கள் பெயருக்கு நேரே சுத்த வெள்ளை! அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

யாருக்குக் கற்றுக்கொடுப்பது? திருப்பூரில் கைமடி என்று ஒரு வேலை உண்டு. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து எடுத்துக் கொடுக்கும் வேலை. அதில் பெரும்பாலும் பெண்கள். வருஷக்கணக்காகத் தையலைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் எழுந்து போனால் அரை மணி மெஷினில் உட்கார்ந்து வெட்டுத் துணியில் ஓட்டிப் பழகுவார்கள். அவர்களில் நான்கு பேர், என் பட்டியலில் மிஞ்சிய அந்த நான்கு பேர், ஆக எட்டுப் பேரை எடுத்தோம்.

எடுத்தவுடனே கூலி குறுக்கே வந்து நின்றது. கற்றுக்கொள்கிற நாளில் பீஸ் கணக்கு ஏறாது, சம்பளம் விழுந்துவிடும். சொல்லிக்கொடுக்கிற டெய்லருக்கும் அப்படியே. அவர் சொல்லிக்கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் தைத்திருப்பார்! ‘கற்றுக்கொடுக்க மனசில்லை’ என்று டெய்லர்களைக் குறை சொல்வது சுலபம். நஷ்டப்பட்டுக்கொண்டு யார் கற்றுக்கொடுப்பார்கள்? முதலாளியிடம் போய், கற்பவருக்கு முழு ஷிப்ட் கூலி, கற்றுக்கொடுப்பவருக்கு அவருடைய வழக்கமான பீஸ் வருமானம், இரண்டையும் கம்பெனி கொடுக்க வேண்டும் என்றேன். அவர் பேசாமல் இருந்தார். விமானக் கூலி பில்லை மேஜையில் வைத்தேன். “சரி, ரெண்டு மாசம் பாருங்க” என்றார்.

கற்றுக்கொடுக்க வந்த டெய்லர் ஐயாவுக்கு 55 வயது. ஒரு பீசை எடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் தைத்துப் போட்டார். “பாத்துக்கிட்டியா? இவ்வளவுதான்” என்றார். பெண்கள் விழித்தார்கள். எட்டுப் பேரும் தைத்த பட்டி கீழ்முனையில் சுருங்கியது, அல்லது ஓட்டை விழுந்தது.

1940-களில் உலக யுத்த சமயத்தில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆண்கள் போருக்குப் போய்விட, இயந்திரத்தையே பார்த்தறியாத பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் கற்றுக்கொடுக்க அங்கே ஒரு முறை வகுத்தார்கள். முதலில் கற்பவரைப் பயம் தெளியப் பேசி உட்கார வைப்பது, அப்புறம் வேலையைச் சிறு சிறு படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் உள்ள நுணுக்கத்தையும் காரணத்தையும் சொல்லிச் செய்து காட்டுவது, அவரையே செய்ய வைத்து வாயால் சொல்லச் சொல்வது, கடைசியில் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்வது. கற்கவில்லை என்றால் பொறுப்பு கற்றுக்கொடுத்தவருடையது. யுத்தம் முடிந்து ஜப்பானுக்கும் போய் வேரூன்றிய முறை அது.

அந்த முறைப்படி ஐயாவை மெள்ளத் தைக்கச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். பட்டியின் கீழ்முனையில் துணியைக் கவட்டை மாதிரி வெட்ட வேண்டும். அங்கேதான் எல்லாரும் கெடுத்தார்கள். ஐயா வெட்டும் முன் இடது கைச் சுண்டு விரலால் கீழ்த்துணியை ஒதுக்கினார். கத்தரி நுனியைத் தையலுக்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்தினார். “ஐயா, ஏன் சுண்டு விரலை அங்கே வெச்சீங்க?” என்று கேட்டேன். “எங்கே வெச்சேன்?” என்றார். மறுபடி தைத்துப் பார்த்துவிட்டு, “அட, ஆமா! இத்தனை வருசமா இதைப் பண்றேனா!” என்று அவரே அதிசயப்பட்டார். தெரிந்தவருக்கே தெரியாமல் விரலில் ஒளிந்திருந்த சூட்சுமம் அது. அதை எழுதிக் காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு முனை சுருங்காமல் வந்தது.

நானும் தைத்துப் பார்த்தேன். ஒன்பது பீஸ் பாழ். பத்தாவது ஒருமாதிரி வந்தது. கைமடிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சார்ட்டில் என் பெயரையும் எழுதிக் கால் வட்டம் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மாசம் போதவில்லை, நாலு மாசம் ஆயிற்று. எட்டுப் பேரில் ஐந்து பேர் தனியாகத் தைக்கிற அளவுக்கு வந்தார்கள். ஒரு பெண்ணுக்கு வீட்டுக்காரர், “டெய்லர் வேலை வேண்டாம், கைமடியே போதும்” என்று சொல்லி நிறுத்திவிட்டார். பெண்டாட்டி கூலி தன் கூலியைத் தாண்டிவிடும் என்ற பயம். நானும் பேசிப் பார்த்தேன், முடியவில்லை. மற்ற இருவரும் நல்லவர்கள்தான், ஆனால் அந்த வேலை அவர்களுக்கு வரவில்லை. அயர்னிங்குக்குப் போனார்கள், அங்கே நன்றாகச் செய்கிறார்கள். 2014 தீபாவளி முடிந்து டெய்லர் ஐயா பத்து நாள் தாமதமாக வந்தார். லைன் நிற்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட!

புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஓவர்லாக் மெஷினைக் கொடுப்பதில்லை. முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

கண் பரிசோதனை மட்டும் வருஷம் தவறாமல் நடக்கிறது. 2025-ல் நடந்தபோது வரிசையில் நானும் நின்றேன். எனக்கும் 46 ஆகிவிட்டது. சம்பளப் பட்டியலைத் தள்ளிப் பிடித்து வாசிக்கிறேன் என்று ஆபீஸில் எல்லாரும் கேலி செய்ய ஆரம்பித்திருந்தார்கள். அந்த அக்கா எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மகள் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். “வீட்டோட இரும்மா” என்று அவள் சொன்னாலும் இவர் கேட்பதில்லை. செக்கிங்கில் புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் பெயருக்கு நேரே முழு வட்டம்.

என் முறை வந்தது. டாக்டர் பொடி எழுத்து அட்டையை நீட்டினார். நான் கண்ணைச் சுருக்கி, எப்படியாவது வாசித்துவிட வேண்டும் என்று முக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து என் தோளைத் தொட்டார்.

“ஏனுங்க அம்மணி, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப் போடுங்க. உங்களை யாரும் நிறுத்திப்போட மாட்டாங்க.”